அறிகுறி அடங்கிய பின்

மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கும் ஒருவருக்கு மூன்றாண்டுக் காலத்தில் மிக நுணுக்கமாகக் கற்றுத்தரப்படுவது, நோயின் அறிகுறிகளைக் கண்டறிவதும் அவற்றுக்குப் பெயரிடுவதும் மருந்தால் அவற்றைக் கட்டுக்குள் கொண்டுவருவதுமே ஆகும். யாரும் பேசாதபோதே குரல்கள் கேட்பது, அண்டை வீட்டார் தனக்கு எதிராகச் சதி செய்வதாக அசையாமல் நம்புவது, நாள்கணக்கில் உறங்காமல் அலைவது போன்ற அறிகுறிகள் அடங்கியதும் நோயாளி வீடு திரும்புகிறார்; மருத்துவமனையின் ஏட்டில் சிகிச்சை வெற்றி பெற்றுவிடுகிறது. வீடு திரும்பியவர் மறுபடி வேலைக்குப் போனாரா, வீட்டில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறதா, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அவரை அழைத்துச் செல்கிறார்களா, அடுத்த ஆண்டைப் பற்றி அவருக்கு ஏதேனும் எண்ணம் உண்டா என்பன அந்த ஏட்டில் ஏறுவதில்லை. இந்தக் கேள்விகளையும் மருத்துவத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கும் முறைக்கு, மீட்சி நோக்கிய மனநலப் பராமரிப்பு என்று பெயர். அதை மனநல மருத்துவருக்கு எப்படிக் கற்பிப்பது என்னும் விவாதம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முப்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது என்றாலும், காஞ்சிபுரத்துக்கும் அதில் சொந்தமான ஒரு பங்கு உண்டு. இந்தியாவில் இம்முறையைச் சோதித்துப் பார்த்த முக்கியமான ஆய்வுகளுள் ஒன்று, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் கிராமங்களில் நடந்தது.

ஆய்வுக்குள் நுழையும் முன், மீட்சி என்பதன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நோய் முற்றிலும் நீங்கினாலும் நீங்காவிட்டாலும், தமக்கு நிறைவு தரும் வாழ்க்கை ஒன்றை, தம்மால் இயன்ற பங்களிப்போடு, மனிதர் திரும்பக் கட்டிக்கொள்வதே மீட்சி என்ற கருத்தை அமெரிக்க மறுவாழ்வியல் அறிஞர் வில்லியம் ஆந்தனி 1993-இல் முன்வைத்தார். அவருக்கு முன்பே இதை வலியுறுத்தியவர்கள் நோயை அனுபவித்தவர்கள்தாம்; பதின்ம வயதில் மனச்சிதைவு நோய் என்று முத்திரை குத்தப்பட்ட பட்ரீசியா டீகன், பின்னர் உளவியலில் முனைவர் பட்டம் பெற்று, நோயாளியின் எதிர்காலத்தைப் பற்றி மருத்துவர் நம்பிக்கையிழந்து பேசும் ஒரு வாக்கியம் எத்தனை ஆண்டுகளைப் பறித்துவிடும் என்பதை எழுதியும் பேசியும் வந்தார். 2011-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள், மீண்டவர்களின் அனுபவங்களைத் தொகுத்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மீட்சிக்கு ஐந்து கூறுகள் திரும்பத் திரும்பத் தென்பட்டன: பிறரோடு இணைந்திருப்பது, நம்பிக்கை, நோயாளி என்பதைத் தாண்டிய ஓர் அடையாளம், வாழ்வில் ஒரு பொருள், தன் வாழ்வைத் தானே நடத்தும் உரிமை. இவற்றுள் எதுவும் மருந்துச் சீட்டில் எழுதக் கூடியதன்று. ஆனால் மருந்தை எழுதும் விதத்தால் இவை ஐந்தும் வளரவோ நசுங்கவோ கூடும் என்பதை மருத்துவர் உணர்ந்தே ஆக வேண்டும்.

2009 சனவரிக்கும் 2010 டிசம்பருக்கும் இடையில் கோவா, மகாராட்டிரத்தின் சாத்தாரா, தமிழ்நாட்டின் திருப்போரூர் வட்டாரம் ஆகிய மூன்று இடங்களில், மனச்சிதைவு நோயுடைய 282 பேர் கோப்சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். திருப்போரூர் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது; 2019 நவம்பரில் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போனது. தமிழ்நாட்டுப் பகுதியை நடத்தியது சென்னையின் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம். சேர்ந்தவர்களில் 95 பேருக்கு மருத்துவமனையில் மனநல மருத்துவர் வழக்கமாகத் தரும் சிகிச்சை மட்டும் கிடைத்தது. 187 பேருக்கு அதனோடு, அந்தந்த வட்டாரத்திலேயே தேர்ந்தெடுக்கப்பட்டுச் சில வாரங்கள் பயிற்சி பெற்ற ஊழியர்கள் ஓராண்டுக் காலம் வீடு தேடிச் சென்று துணைநின்றார்கள். இந்த ஊழியர்கள் மருத்துவரோ செவிலியரோ அல்லர். நோய் இன்னதென்று குடும்பத்துக்கு விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்வது, மருந்தை விடாமல் சாப்பிடுவதில் இருக்கும் சிக்கலைக் கேட்டறிவது, குளிப்பது உண்பது உறங்குவது முதலிய அன்றாட ஒழுங்கை மெல்ல மீட்டெடுப்பது, வேலைக்கு வழிதேடுவது, அரசு உதவிக்கு மனுப்போடத் துணைசெய்வது, ஊரார் இழிவாகப் பேசுவதை எதிர்கொள்ளக் கற்றுக்கொடுப்பது என அவர்களுடைய வேலை விரிந்தது. அவர்களுக்கு மேலே மனநலச் சமூகப் பணியாளர்களும், அவர்களோடு சேர்ந்து மனநல மருத்துவர்களும் வழிகாட்டினார்கள்.

முடிவுகள் 2014-இல் லான்செட் இதழில் வெளிவந்தன. வீடு தேடிச் சென்ற துணையால் நோயின் கடுமையும் இயலாமையும் கூடுதலாகக் குறைந்தன; ஆனால் அந்த வேறுபாடு பெரிதன்று, மிதமானது என்றே ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். அதைவிட ஆழமாகக் கவனிக்க வேண்டிய செய்தி முடிவுகளுக்குள்ளே இருக்கிறது. நோய்க்குறிகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு கண்டவர்களின் விகிதம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தபோது, இயலாமையில் அதே அளவு குறைவு கண்டவர்கள் வீட்டுத் துணை பெற்ற பிரிவில் அதிகமாக இருந்தார்கள். இயலாமை என்று இங்கே அளக்கப்பட்டது, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை செய்தல் ஆகிய நான்கு துறைகளில் ஒருவர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார் என்பதை மதிப்பிடும் இந்திய அளவுகோலால். மாற்றுத்திறன் சான்றிதழ் வழங்குவதற்கும் இதே அளவுகோல்தான் பயன்படுகிறது. ஆக, மருந்தால் நோயாளிகள் இருவருக்கு ஒரே அளவு அறிகுறி அடங்கியிருக்கலாம். அவர்களுள் ஒருவர் திண்ணையில் முடங்கியும் மற்றவர் எழுந்து கடைக்குப் போய் வந்தும் இருக்கலாம். இந்த இடைவெளியில்தான் மீட்சிப் பராமரிப்பு வேலை செய்கிறது. மனநலச் சேவை அரிதாக உள்ள நாட்டுப்புறங்களில் தொடக்கத்திலேயே இம்முறையைக் கொண்டுவருவது சிறந்த பலன் தரும் என்பது ஆய்வாளர்களின் பரிந்துரையாக இருந்தது.

தமிழ்நாட்டில் இந்தச் சிந்தனைக்கு வேர் பழையது. சென்னையில் 1794-இல் தொடங்கப்பட்ட மனநோயர் காப்பகத்தின் வழிவந்த கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் எம். சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். ஆயிரக்கணக்கானோர் அடைபட்டுக் கிடந்த வளாகத்தில் தொழில்வழிச் சிகிச்சைக்கு இடமளித்து, மருத்துவமனையை விட்டு வெளியேறுவோருக்குக் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். 1984-இல் ஸ்கார்ஃப் நிறுவனத்தை அவர் தொடங்கியதும் இதே கவலையால்தான். முதன்முறையாக நோய்வாய்ப்பட்ட 90 பேரை 1981 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த சென்னை ஆய்வு, டாக்டர் ஆர். தாராவின் தலைமையில் தொடர்ந்து நடந்தது. மனச்சிதைவு என்றால் ஆண்டுக்காண்டு சிதைந்துகொண்டே போகும் நோய் என்ற பழைய பாடத்தை அது அசைத்தது, ஏனெனில் பின்தொடரப்பட்டவர்களில் இடைவிடாமல் நோயிலேயே கிடந்தவர்கள் சிறுபான்மையினரே. காஞ்சிபுரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய வேலூரில், கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் தொடங்கியதிலிருந்தே நோயாளியோடு ஒரு குடும்பத்தினரும் தங்கும்படி வைத்து, பராமரிப்பைக் குடும்பத்துக்குக் கற்பித்து அனுப்பியது. 1993-இல் வந்தனா கோபிக்குமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய தி பேனியன் அமைப்பு, வீடற்றுத் தெருவில் திரியும் மனநோயுற்ற பெண்களிடமிருந்து தன் பணியைத் தொடங்கி, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் கடலோர ஊரான கோவளம் வரை பரவியது. 2015-இல் அது தொடங்கிய ஹோம் அகெய்ன் திட்டத்தில், ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையிலேயே தங்கிவிட்டவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீடு எடுத்துக் குடும்பம்போல வாழ்கிறார்கள். சமைப்பது, கடைக்குப் போவது, அக்கம்பக்கத்தோடு பழகுவது என்று எல்லாவற்றிலும் தேவைக்கேற்ப உதவியாளர் துணையிருக்கிறார். 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட சமூக மனநலச் சேவை வழிகாட்டியில், உலகுக்கு முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்பட்ட சேவைகளுள் இதுவும் ஒன்று.

இவ்வளவும் செய்துகாட்டிய மாநிலத்தில், மனநல மருத்துவராகப் பயிலும் இளைஞர் இவற்றை எந்த அளவுக்குக் கற்கிறார் என்று கேட்டால், மனம் நிறையும் விடை கிடைப்பதில்லை. திருப்போரூரில் வீடு வீடாகச் சென்றவர்கள் ஊழியர்கள். அவர்களை வழிநடத்தியவர்கள் சமூகப் பணியாளர்கள். ஹோம் அகெய்ன் வீடுகளில் துணையிருப்பவர்கள் உதவியாளர்கள். மீட்சியின் நுட்பம் இவர்களுடைய கைகளில் வளர்ந்துவிட்டது, மருத்துவரின் கல்வி மருத்துவமனைச் சுவருக்குள்ளேயே நின்றுவிட்டது. எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநல மருத்துவத்துக்குத் தனித் தேர்வு இல்லை. பொது மருத்துவத்தின் ஓரத்தில் அது இடம்பெறுகிறது. மேற்படிப்பான எம்.டி.யில் மறுவாழ்வும் சமூக மனநலமும் பாடத்திட்டத்தில் உண்டு என்றாலும், நான்கு எழுத்துத் தாள்களுக்கும், ஒரு நோயாளியை விரிவாக ஆராய்ந்து தேர்வாளர் முன் விளக்கும் நீள் நேர்வுத் தேர்வுக்கும் தயாராகும் மாணவர், நோயைச் சரியாக இனங்காண்பதிலும் மருந்தைத் தேர்வதிலுமே தம் முழுக் கவனத்தையும் செலுத்துகிறார். தேர்வில் கேட்கப்படாததை மாணவர் படிக்க மாட்டார் என்பது எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும். ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், படித்து முடித்தவர் மாவட்டத்துக்கு வந்ததும் புறநோயாளிப் பிரிவின் கூட்டம் அவரைச் சூழ்ந்துகொள்கிறது. ஒருவருக்குச் சில நிமிடங்கள் மட்டுமே ஒதுக்க முடிகிற இடத்தில், ‘தூக்கம் வருதா? சாப்பிடறாரா? மாத்திரை ஒழுங்கா போடறாரா?’ என்ற மூன்று கேள்விகளோடு, அதுவும் பெரும்பாலும் உடன் வந்தவரிடம் கேட்கப்பட்டு, சந்திப்பு முடிந்துவிடுகிறது. 2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநோய்களில் சிகிச்சை கிடைக்காதோரின் விகிதம், நோய்க்கு ஏற்ப, 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கூட்டத்தைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது. குறை அந்த மருத்துவருக்கு மூன்றாண்டுகளில் எது முக்கியம் என்று கற்பிக்கப்பட்டதோ அதில் இருக்கிறது.

மீட்சியைக் கற்பதற்குக் காஞ்சிபுரம் ஏன் ஏற்ற களம் என்பதை, நெசவுத் தெரு ஒன்றில் நின்று யோசித்தால் எளிதில் விளங்கும். பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் வீடே தொழிற்கூடம். முன்கூடத்தில் குழித்தறி, பின்கட்டில் அடுப்பு. பட்டுச் சேலை நெய்பவர் குழியில் கால்களை இறக்கி உட்கார்ந்து, மிதியை மாறி மாறி அழுத்தி, நாடாவைக் கையால் ஓடவிட்டு, மயிரிழைபோன்ற பட்டிலும் சரிகையிலும் ஓர் இழை தப்பாமல் வேலை செய்ய வேண்டும். கூலி மாதச் சம்பளமாக வருவதில்லை; நெய்து கொடுக்கும் சேலைக்குத்தான் காசு. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலைக்கு ஒருவர் போதாது. நெசவாளி ஒரு பக்கம் இருக்க, பக்கத்தில் அமர்ந்து கரைக்கான நாடாவை வீசுவதற்கு இன்னொருவர் வேண்டும், பெரும்பாலும் அது மனைவியோ பிள்ளையோ தம்பியோதான். இவர்களில் ஒருவர் நோய்வாய்ப்பட்டால் முடங்குவது இருவரின் வேலை. முன்பணம் வாங்கியிருந்தால் அந்தக் கடனும் சேர்ந்து அழுத்தும்.

இப்படிப்பட்ட ஒரு நெசவாளிக்கு மனச்சிதைவு நோய்க்கான மருந்து எழுதும்போது, மீட்சியில் பயிற்சி பெற்ற மருத்துவரும் பெறாத மருத்துவரும் எங்கே வேறுபடுகிறார்கள் என்பதைத் தெளிவாகப் பார்க்க முடியும். இந்நோய்க்கான பழைய மருந்துகள் சில கைநடுக்கத்தையும் உடல் விறைப்பையும் உண்டாக்கும். சில, கால்களை ஓரிடத்தில் வைக்கவிடாத தவிப்பைத் தரும். வேறு சில, காலையில் கண்ணைத் திறக்கவிடாத மயக்கத்தைத் தரும். இருமுனை மனநோய்க்குத் தரப்படும் லித்தியமும் விரல்களில் மெல்லிய நடுக்கத்தை ஏற்படுத்தக் கூடும். அலுவலகத்தில் கோப்புப் பார்ப்பவருக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடிய நடுக்கம் நெசவாளியின் பிழைப்பைப் பறித்துவிடும்; கால் தவிப்பு உள்ளவர் தறிக்குழியில் அரைமணி நேரம்கூட உட்கார முடியாது. மருந்தை அவர் நிறுத்திவிட்டால், ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று ஏட்டில் எழுதுவது எளிது. அவர் என்ன வேலை செய்கிறார், தறியில் எந்தப் பக்கம் உட்காருகிறார், எத்தனை மணிக்கு எழுந்து உட்கார வேண்டும் என்று கேட்டிருந்தால், மருந்தை மாற்றியோ அளவைக் குறைத்தோ முழு அளவையும் இரவுக்கு நகர்த்தியோ நடுக்கத்துக்குத் தனி மாத்திரை சேர்த்தோ பார்த்திருக்கலாம். இப்படி மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து, மருந்தின் நன்மையையும் அது கேட்கும் விலையையும் எடைபோட்டு முடிவெடுப்பதை, கலந்து முடிவெடுத்தல் என்பார்கள். மீட்சிப் பயிற்சியில் முதலாவதாகவும் கடினமானதாகவும் உள்ள பாடம் இது. மருந்தியலை நன்றாகக் கற்றவரால்தான் இதைச் செய்ய முடியும் என்பதால், மீட்சி என்றால் மருந்தை ஒதுக்குவது என்ற அச்சத்துக்கும் இங்கே இடமில்லை.

வேலைக்குத் திரும்புவதிலும் இத்தெருக்கள் ஒரு வசதியைத் தருகின்றன. நெசவில் படிப்படியான வேலைகள் உண்டு: தார் சுற்றுவது, பாவு ஓட்டும்போது உடன் நிற்பது, கோர்வையில் பக்கத்து நாடாவை வீசுவது, பிறகு தறியில் தானே உட்காருவது. தொழிற்சாலையில் ஒருவர் வேலைக்கு வந்தாரா இல்லையா என்ற இரண்டு நிலைதான் இருக்கும். இங்கே நோயிலிருந்து எழுந்து வருபவர் ஒரு நாள் ஒரு மணி நேரம் தார் சுற்றினாலும் அது குடும்பத்துக்கு உண்மையான உதவி, ஒப்புக்குக் கொடுத்த வேலையன்று. உலகச் சுகாதார நிறுவனம் 1967 முதல் பல நாடுகளில் நடத்திய மனச்சிதைவு ஆய்வுகளில், வளரும் நாடுகளின் நோயாளிகள் பலர் செல்வ நாடுகளில் உள்ளவர்களைவிட நன்றாகத் தேறியதாகத் தெரிந்தபோது, குடும்பத்தின் அரவணைப்பும் இத்தகைய நெகிழ்வான வேலைகளும் காரணமாகச் சொல்லப்பட்டன. அந்த முடிவைப் பிற்கால ஆய்வாளர்கள் சிலர் மறுத்தும் இருக்கிறார்கள். எப்படியிருந்தாலும், குடும்பம் தானாகத் தாங்கிக்கொள்ளும் என்று மருத்துவர் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஒருவருக்காக இன்னொருவர் தன் படிப்பையோ திருமணத்தையோ தள்ளிப்போடும் வீடுகளில், அந்தத் தாங்குபவருக்கும் ஓய்வு தேவை என்பதைக் கண்டுகொள்ளும் கண் மருத்துவருக்கு வேண்டும்.

கோயில் நகரம் என்பதால் இன்னொரு பாடமும் இங்கே உண்டு. மனம் பேதலித்தவரைக் குடும்பம் முதலில் அழைத்துச் செல்லும் இடம் பெரும்பாலும் மருத்துவமனையாக இருப்பதில்லை. காஞ்சிபுரத்துக் குடும்பங்களுக்குச் சோளிங்கர் நரசிம்மர் மலை தொலைவில்லை, குணசீலமும் ஏர்வாடி தர்காவும் எல்லோரும் அறிந்தவை. இதை மூடநம்பிக்கை என்று அடித்துப் பேசும் மருத்துவரிடம் குடும்பம் அடுத்த முறை உண்மையைச் சொல்லாது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ரகுராம் முதலியோர் தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்தில்லாமல், சராசரியாக ஆறு வாரம் அங்கே தங்கி, கோயிலின் அன்றாட வேலைகளில் கலந்துகொண்டவர்களின் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. யாரும் விரட்டாத இடமும், செய்வதற்கு ஒரு வேலையும், உடன் ஒரு சொந்தமும் கிடைத்ததன் பலன் அது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அதற்கு ஓராண்டுக்கு முன், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் தர்காவைச் சுற்றியிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். இவ்விரண்டும் சேர்ந்தே பாடமாக வேண்டும்: ஊரின் நம்பிக்கையில் உள்ள அரவணைப்பை மருத்துவத்தோடு இணைத்துக்கொள்ளவும், அதன் பெயரால் நடக்கும் கொடுமையைத் தடுக்கவும் தெரிந்தவரே இந்த மண்ணுக்கு ஏற்ற மனநல மருத்துவர். குசராத்தின் மீரா தாத்தார் தர்காவில் மருந்தும் வேண்டுதலும் ஒருசேரக் கிடைக்கும்படி தொடங்கிய திட்டத்தைப் பின்பற்றித் தமிழ்நாட்டிலும் வழிபாட்டிடங்களில் மனநலச் சிகிச்சை கொண்டுவரப்பட்டிருப்பது இவ்வகையில் நல்ல தொடக்கம்.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியிடுவதைத் தடைசெய்ததோடு, சமூகத்தில் மற்றவரோடு சேர்ந்து வாழ்வதை உரிமையாக்கியது. நோய் கடுமையாகும் வேளையில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கும் முன்கூட்டிய அறிவுறுத்தலுக்கும், தன் சார்பில் பேசுவதற்கு ஒருவரைத் தானே நியமித்துக்கொள்வதற்கும் அதில் இடமுண்டு. ஏட்டில் உள்ள இந்த உரிமை, மருத்துவர் அறையில் உயிர்பெற வேண்டுமானால் உட்காரும் முறையே மாற வேண்டியிருக்கிறது. அண்ணன் பேசுவார், அம்மா அழுவார், நோயாளி தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார் என்பதே வழக்கம். பயிற்சி மருத்துவர், உடன் வந்தவரை மதித்துக்கொண்டே, ‘அம்மா, நீங்க சொல்றத அப்புறம் கேட்டுக்கறேன், முதல்ல அவங்க பேசட்டும்’ என்று சொல்லவும், சொன்னபின் நீண்ட மௌனத்தைப் பொறுத்துக்கொண்டு காத்திருக்கவும் பழக வேண்டும். குடும்பத்தைப் பகைத்துக்கொள்ளாமல் நோயாளியின் குரலுக்கு இடமளிப்பது, தனிமனித உரிமையை மட்டும் பேசும் மேலைநாட்டுப் பாடநூல்களில் போதுமான அளவு கிடைக்காத கலை. அதைத் தமிழ்நாட்டு ஆசிரியர்கள்தாம் எழுதித் தர வேண்டும்.

இதையெல்லாம் வகுப்பில் சொற்பொழிவாகச் சொல்லிக் கற்பித்துவிட முடியுமா என்ற கேள்விக்கு வெளிநாட்டு அனுபவம் தெளிவான எச்சரிக்கை தருகிறது. அமெரிக்க அரசின் மனநலத் துறை 2009-இல் தொடங்கிய மீட்சிப் பயிற்சித் திட்டத்தில், மனநல மருத்துவர்களுக்கென்றே தனிப் பாடத்தொகுப்பு ஒன்றை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கியது. ஜார்ஜியா மாநில மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறை, நோயைக் கடந்து வந்தவர்களை ஊதியம் பெறும் ஆசிரியர்களாக அமர்த்தி, பயிற்சி மருத்துவர்களோடு ஒரே அறையில் பணிபுரிய வைத்தது. இங்கிலாந்தில் பொதுமருத்துவச் சேவையின் மனநலக் குழுக்களுக்கு மீட்சிப் பயிற்சி அளித்துச் சோதித்த ரீஃபோகஸ் ஆய்வு 2015-இல் வெளியானபோது, பயிற்சி பெற்ற குழுக்களிடம் சிகிச்சை பெற்றவர்களின் மீட்சி, மற்றவர்களைவிட மொத்தத்தில் உயரவில்லை; பயிற்சியில் முழுமையாக ஈடுபட்ட குழுக்களில் மட்டுமே முன்னேற்றம் தென்பட்டது. குசராத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் உரிமைப் பயிற்சியை அரசு மனநல மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்தியபோது, பணியாளர்களின் மனப்பான்மை மாறியதையும், சேவை பெறுவோர் தம் குரலுக்கு மதிப்புக் கூடியதாக உணர்ந்ததையும் ஆய்வாளர்கள் கண்டார்கள்; அங்கே பயிற்சியோடு நிறுவனத்தின் நடைமுறையும் மாற்றப்பட்டிருந்தது. மீட்சி என்ற பெயரைச் சொல்லி அரசு தன் பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் ஏற்றிவிட்டு விலகிக்கொள்ளும் ஆபத்தை இங்கிலாந்தில் நோயனுபவம் உள்ளவர்களே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் அந்த ஆபத்து உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

இந்நிலையில் கையில் கிடைத்திருக்கும் நல்ல வாய்ப்பு, தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்துள்ள மாவட்ட உறைவிடப் பயிற்சி. 2021-ஆம் கல்வியாண்டில் சேர்ந்தவர்கள் முதல், மேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றியாக வேண்டும். மனநல மருத்துவம் பயிலும் மாணவருக்கு அந்த மூன்று மாதம், காலையில் புறநோயாளிக் கூட்டத்தைச் சமாளிக்க உதவும் கூடுதல் கையாக மட்டுமே கழிந்துவிடக் கூடாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளரோடு வாரம் ஒரு நாள் நெசவுத் தெருக்களுக்கும் கிராமங்களுக்கும் போய், நாலைந்து குடும்பங்களை மூன்று மாதமும் தொடர்ந்து பார்த்து, அந்த நோயாளி தாமே சொன்ன விருப்பம் எது, அதற்காக மருந்தில் என்ன மாற்றம் செய்யப்பட்டது, வேலையிலும் வீட்டிலும் என்ன நடந்தது என்று மாணவர் எழுத வேண்டும். நோயைக் கடந்து வந்த ஒருவரும் குடும்பத்தினர் ஒருவரும் அந்த எழுத்தைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். இறுதித் தேர்வின் நீள் நேர்வில் அதிலிருந்தும் கேள்வி வர வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ தேவைப்படவில்லை. உறைவிடப் பயிற்சிக்கு என்று மாணவர் நிரப்பித் தரும் பதிவேட்டில், பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கும் நோயின் பெயருக்கும் பக்கத்தில், ‘நோயாளி விரும்பியது’, ‘மூன்றாம் மாத முடிவில் நிலை’ என்று இரண்டு பத்திகள் கூடுதலாகச் சேர்ப்பதை எந்தப் பல்கலைக்கழகமும் அடுத்த கல்வியாண்டிலேயே செய்யலாம்.